அத்தான் வண்டி உயரத்துக்கு

என் வீட்டுக்காரரை ஊரில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. 'நிதானம்' என்பார்கள். வண்டி ஸ்டாண்டில் கூட நிற்கிற டிரைவர்கள் வைத்த பெயர். மற்றவர்கள் ஒரு லோடை இறக்கிவிட்டுத் திரும்பி வந்து டீயும் குடித்து முடிக்கிற நேரத்தில்தான் இவர் கயிற்றின் கடைசி முடிச்சைப் போட்டுக்கொண்டிருப்பார். கோபம் வராது. யாரோடும் போட்டி கிடையாது. பக்கத்து வீட்டில் புது டி.வி. வாங்கினால் போய் உட்கார்ந்து பார்த்துவிட்டு, "நல்லா தெளிவா தெரியுது" என்று மனதாரச் சொல்லிவிட்டு வந்து படுத்துக்கொள்வார். அப்படிப்பட்ட மனிதரோடு குடும்பம் நடத்துவது எவ்வளவு எரிச்சல் என்பது நடத்திப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். எங்கள் வீட்டில் பொறாமைப்படுகிற வேலை முழுவதும் என் ஒருத்தி தலையில் விழுந்தது.

எனக்கு அந்த வேலை நன்றாகவே வரும். ஒளிப்பானேன்? கூடப் பிறந்த அக்கா ஒருத்தி இருக்கிறாளே, போதாதா. என்னைவிட நிறம், என்னைவிட முடி. பேசினால் பூ உதிர்கிற மாதிரி மெதுவாகப் பேசுவாள். அவள் வீட்டுக்கு மாடி எழும்பியபோது நான் சிமெண்ட் வாசனை பிடிக்காது என்று சொல்லிப் பத்து நாள் அந்தப் பக்கமே போகவில்லை. அவள் புருஷன், என் அத்தான், கிணற்றுக்குப் போர் போடுகிற தொழில். அம்மா வீட்டுக்கு நாங்கள் நால்வரும் போனால் மின்விசிறிக்கு நேர் கீழே உள்ள நாற்காலி அத்தானுக்கு. இவருக்குக் கதவோரத்து ஸ்டூல். இவரோ அந்த ஸ்டூலில் உட்கார்ந்து, "இங்கதான் காத்து நல்லா வருது" என்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

எங்கள் பிழைப்பு இரண்டு கால்களில் நிற்கிறது. ஒன்று இவருடைய பிக்கப் வண்டி. நர்சரிச் செடிகள், பூந்தொட்டிகள் என்று இலேசான சாமான்களாகவே ஏற்றுவார். இன்னொன்று என் தேன்பெட்டிகள். வீட்டுக்குப் பின்னால் வேலி ஓரமாக வரிசையாக வைத்திருக்கிறேன். ஒவ்வொரு வருடமும் மலைமேல் ஆப்பிள் பூக்கிற சமயத்தில் அந்தப் பெட்டிகளைத் தோட்டத்துக்கு ஏற்றிக்கொண்டு போய் வைப்போம். என் தேனீக்கள் பூவுக்குப் பூ போனால்தான் அவர்களுக்குக் காய் பிடிக்கும். எனக்கும் வருடத்தின் நல்ல தேன் அங்கேதான். அந்தத் தோட்டம் கையைவிட்டுப் போனால் என் தொழில் பெயரளவுக்குத்தான் மிஞ்சும்.

அந்த வருடம் மழை மலைப்பாதையைக் கண்டபடி அரித்துவிட்டது. வண்டித்தடம் இரண்டும் பள்ளமாகி, நடுவில் பாறை முதுகு காட்டிக்கொண்டு நின்றது. இவர் வெறும் வண்டியோடு போய்ப் பார்த்தார். அடிப்பாகம் இடித்துப் பாதியிலேயே திரும்பிவிட்டார். தோட்டக்காரம்மா போனில் கறாராகப் பேசினாள்.

"பூ விரிய ஆரம்பிச்சா நான் காத்திருக்க முடியாதும்மா. உன் பெட்டி வரலைன்னா பக்கத்து ஊர்க்காரர் தர்றேன்னு சொல்றார். அவர்கிட்ட பெரிய ஜீப் இருக்கு."

ஆக, வண்டியைக் கொஞ்சம் உயர்த்தி, ஸ்பிரிங்கை மாற்றியே ஆகவேண்டும். அதில் எந்தச் சிக்கலும் இல்லை. சிக்கல் அந்த வாரமே எங்கள் வாசலில் வந்து நின்றது.

அத்தான் தன் பிக்கப்பை உயர்த்தியிருந்தார். உயரம் என்றால் அப்படி ஓர் உயரம். பெரிய பெரிய டயர். பின்னால் பட்டைப் பட்டையாக அடுக்கிய ஸ்பிரிங். ஏறுவதற்குப் பக்கத்தில் படி வேறு. அக்கா அந்தப் படியில் கால் வைத்து, புடவைக் கொசுவத்தைப் பிடித்துக்கொண்டு மேலிருந்து இறங்கினாள். விமானத்தில் இருந்து இறங்குகிறவள் கெட்டாள். எனக்கு அடிவயிற்றில் இருந்து புகைந்தது.

ஆனால் அன்றைக்கு நான் பார்த்தது அக்காவை அல்ல, இவரை. இவர் அந்த வண்டியை ஒரு சுற்று சுற்றினார். குனிந்து அடியில் பார்த்தார். இன்னொரு சுற்று சுற்றினார். டயரைத் தடவினார். நான் காத்துக்கொண்டே இருந்தேன். 'நல்லா இருக்கு' என்ற வார்த்தை இவர் வாயில் இருந்து வரவேயில்லை.

"என்ன சகலை, எப்படி இருக்கு?" என்று அத்தானே கேட்டார்.

"ம்" என்றார் இவர்.

அவ்வளவுதான். இத்தனை வருடக் குடித்தனத்தில் என் வீட்டுக்காரர் முதல் தடவையாகப் பொறாமைப்பட்டார். எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. உள்ளே போய் அவருக்கு மட்டும் காபியில் ஒரு கரண்டி சர்க்கரை கூடப் போட்டேன்.

ஸ்பிரிங் கடை பெரிய சாலையோரத்தில், தகரக் கூரைக்குக் கீழே இருக்கிறது. சுவர் முழுக்கப் பழைய பட்டைகள் வளைந்து வளைந்து தொங்கும். தரை எண்ணெயில் ஊறிக் கறுத்திருக்கும். கடைக்காரர் குண்டு மனிதர். வாய் ஓயாமல் பாக்கு மெல்லுவார். நாங்கள் போனோம். அத்தானும் துணைக்கு என்று கூடவே வந்துவிட்டார். தெரிந்த கடையாம், சொன்னால் நன்றாகச் செய்வார்களாம்.

கடைக்காரர் வண்டியைப் பார்ப்பதற்கு முன்னால் கேள்வியைத்தான் ஆரம்பித்தார்.

"என்ன ஏத்துவீங்க?"

அத்தான் பக்கத்திலேயே இடுப்பில் கைவைத்துக்கொண்டு நின்றார்.

"எல்லாம்தான்" என்றார் இவர்.

"எல்லாம்னா? இரும்பா, கல்லா, காய்கறியா? அதை வச்சுத்தான் பட்டை போடணும். கனம் ஏத்துற வண்டிக்குக் கெட்டிப் பட்டை. இலேசா ஏத்துற வண்டிக்கு மெல்லிசு. இலேசா ஏத்திக்கிட்டுக் கெட்டிப் பட்டை போட்டா வண்டி தூக்கித் தூக்கிப் போடும். அப்புறம் என்னைத் திட்டக்கூடாது."

"கனம்தான்."

"எவ்வளவு கனம்? நம்ம போர்காரர் அளவுக்கா?"

இவர் அத்தானைப் பார்த்தார். அத்தான் மீசையை நீவிக்கொண்டார். என் வீட்டுக்காரர், பாவி மனிதர், வாய் கூசாமல் சொன்னார்: "அதுக்குக் கொஞ்சம் மேலேயே இருக்கும்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. தேனீப் பெட்டி என்ன கனம் இருக்கும்? ஒரு பெட்டியை நானே இடுப்பில் வைத்துத் தூக்கிப் போவேன். ஆனால் நாலு பேர் முன்னால், அதுவும் அத்தான் முன்னால், புருஷனை விட்டுக்கொடுக்க முடியுமா? வாயை மூடிக்கொண்டேன். தவிர, வண்டி உயர்ந்தால் எனக்கும் ஒரு படி வருமே.

இரண்டு நாளில் வண்டி வந்தது. நின்றால் ஜோர்தான். தெருவில் போகிறவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். இவர் அத்தான் வண்டிக்குப் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்தி, யாரும் பார்க்காதபோது தோளால் அளந்து பார்த்தார். ஒரு விரல்கடை கூடுதலாகவே இருந்தது. அன்று ராத்திரி படுக்கையில் சீட்டியடித்தார், தெரியுமா? நிதானம் சீட்டியடித்தது!

மறுநாள் வண்டியில் ஏறின பிறகுதான் வண்டவாளம் தெரிந்தது. வேகத்தடையில் ஏறினால் தலை கூரையில் முட்டியது. சின்னக் கல் மேல் ஏறினாலும் குடல் தொண்டைக்கு வந்து போயிற்று. பின்னால் சாமான் இல்லாத வண்டி, கயிறு கட்டாத காளைபோலத் துள்ளியது.

"என்னங்க இது?"

"புதுசுல்ல. போகப் போக அடங்கிடும்."

அடங்குமோ அடங்காதோ, நான் எல்லாப் பெட்டிகளையும் நம்பி ஏற்றத் தயாரில்லை. இரண்டே பெட்டியை ஏற்றி, பெட்டி வாசலில் தேனீ வெளியே வராதபடி வலை அடித்து, மலையடிவாரம் வரை போய்த் திரும்பினோம். வீட்டுக்கு வந்து முதல் பெட்டியைத் திறந்தேன். தேனடைகள் சட்டத்தை விட்டுப் பிய்ந்து அடியில் விழுந்து கிடந்தன. தேன் ஒழுகி, அதில் தேனீக்கள் இறக்கை ஒட்டித் தத்தளித்துக்கொண்டிருந்தன. ராணியைத் தேடித் தேடிக் கடைசியில் இரண்டு அடைகளுக்கு நடுவே நசுங்கிக் கிடக்கக் கண்டேன். நான் வளர்த்த ராணி. கையில் எடுத்து வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

இவர் வந்து எட்டிப் பார்த்தார். முகம் செத்துப்போயிற்று.

"நீங்க அங்க போய் என்ன ஏத்துறேன்னு சொன்னீங்க? இரும்பா? கல்லா? இதோ பாருங்க உங்க கனத்தை" என்று உள்ளங்கையை நீட்டினேன்.

இவர் தேனில் ஒட்டிக்கிடந்த தேனீ ஒன்றை விரலால் எடுத்து இலைமேல் விட்டார்.

"நாளைக்கே கடைக்குப் போய் உண்மையைச் சொல்லி மாத்திக்கிட்டு வாங்க."

"அங்க உங்க அத்தான் தினமும் உட்கார்ந்திருக்கார்" என்றார், தலையைக் குனிந்துகொண்டு. "வேற வழி பண்றேன்."

வேறு வழி என்ன என்று காலையில் தெரிந்தது. பின்கட்டில் மண்வெட்டிச் சத்தம் கேட்டுப் போய்ப் பார்த்தால், மனிதர் சாக்குச் சாக்காக மணல் அள்ளிக் கட்டிக்கொண்டிருந்தார்.

"என்னங்க பண்றீங்க?"

"வண்டிக்கு வெயிட் காட்டுறேன். கனம் இருந்தா பட்டை அடங்கும். மணல் மேல பெட்டியை வச்சுக் கொண்டுபோயிடலாம்."

அதாவது, தான் சொன்ன பொய்யை மெய்யாக்குவதற்காக மலைமேல் மணலைச் சுமந்துகொண்டு போய், மணலைச் சுமந்துகொண்டு திரும்பி வரப் போகிறார்! சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. சொன்னால் கேட்கிற நிலையில் இல்லை. சரி, போய்ப் பார்க்கட்டும் என்று காலிப் பெட்டிகளை மட்டும் ஏற்றி, நானும் ஏறி உட்கார்ந்தேன். சமதரையில் வண்டி சொகுசாகத்தான் போயிற்று. அதைச் சொல்லத்தான் வேண்டும். ஏற்றத்தில் இஞ்சின் முக்கியது. ஓடைச் சேற்றில் பின்சக்கரம் மணலின் பாரத்தோடு அச்சு வரை இறங்கி உட்கார்ந்தது. இருவரும் சேற்றில் இறங்கி, மூட்டை மூட்டையாக மணலைப் பிரித்துக் கொட்டினோம். இவர் கொட்டினது எங்கள் வீட்டு மணல், மலைக்குத் தானம்.

வழியில் தோட்டக்காரம்மாவிடம் இருந்து போன். "கீழ்க்கிளையில மொட்டு வெடிச்சிருச்சு. வர்றியா, வரலையா? இன்னிக்குள்ள சொல்லு."

இவர் என் முகத்தைப் பார்த்தார். கால் முழங்கால் வரை சேறு, தலையில் மணல். எனக்குத் திட்டக்கூடத் தெம்பில்லை. அதுதான் அவரை உலுக்கியது என்று நினைக்கிறேன்.

"வர்றோம்னு சொல்லு" என்றார். வண்டியைத் திருப்பி நேரே ஸ்பிரிங் கடைக்கு விட்டார்.

அத்தான் அங்கேதான் இருந்தார். அவர் வண்டியின் சக்கர போல்ட்டைப் பையன்கள் இறுக்கிக்கொண்டிருந்தார்கள். எங்கள் கோலத்தைப் பார்த்து, "என்ன சகலை, வயல்ல நடவா?" என்று சிரித்தார்.

இவர் அத்தானைக் கவனிக்கவில்லை. கடைக்காரர் எதிரே போய் நின்றார். கழுத்து நரம்பு புடைத்துத் தெரிந்தது.

"அண்ணே, நான் அன்னிக்கு உங்ககிட்டப் பொய் சொல்லிட்டேன். நான் கனம் ஏத்துறதே இல்ல. செடி ஏத்துவேன். இவ தேன்பெட்டி ஏத்துவேன். நான் சுமக்கிறது பூச்சிங்க, அண்ணே. அதுங்க நசுங்கிச் சாகுது. மாத்திக் கொடுங்க."

போல்ட் இறுக்கிக்கொண்டிருந்த பையன்கள் ஸ்பேனரோடு நிமிர்ந்தார்கள். பிறகு அத்தான் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். "பூச்சி! எனக்கு மேல கனம்னு சொன்னியேய்யா, பூச்சியா?" என்று தொடையைத் தட்டினார். இவர் காது சிவந்து நின்றார். ஆனால் நகரவில்லை. எனக்கு அந்த இடத்திலேயே அத்தான் மீசையைப் பிடித்து இழுக்கலாம்போல இருந்தது.

கடைக்காரர் சிரிக்கவில்லை. பாக்கைத் துப்பிவிட்டு வந்து வண்டிக்கு அடியில் படுத்தார்.

"இந்தக் கெட்டிப் பட்டை ரெண்டையும் உருவிடுறேன். மெல்லிசு ஒண்ணு சேர்க்கிறேன். ஷாக்கும் மாத்தணும். பட்டை தாங்கும், துள்ளலை அடக்குறது ஷாக்தான். ஆனா ஒண்ணு. வண்டி உயரம் இறங்கும். பாதைக்குப் போதும். பார்க்கிறவங்களுக்குப் போதுமான்னு நீங்கதான் சொல்லணும்."

இவர் அத்தான் வண்டியை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தார். ஆசை தெரிந்தது. மறைக்கவும் இல்லை.

"இறக்குங்க" என்றார்.

வண்டி கைக்கு வந்த மறுநாள் பொழுது புலர்கிற நேரம் கிளம்பினோம். பெட்டிகளை அடுக்கி, இடையில் சாக்கு செருகி, இவர் தன் கடைசி முடிச்சைப் போட்டு முடிக்கும் வரை அன்றைக்கு நான் அவசரப்படுத்தவில்லை. பாறை வந்த இடங்களில் வண்டி மெல்ல எழும்பி மெல்ல இறங்கியது. அடிப்பாகம் எங்கும் இடிக்கவில்லை. ஓடையையும் தாண்டினோம். தோட்டத்தில் பெட்டிகளை இறக்கி, வலையைப் பிரித்தேன். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு ஒன்று வெளியே வந்து வாசலில் உட்கார்ந்து முகம் துடைத்தது. அப்புறம் பத்து, அப்புறம் கூட்டமாக. ஒவ்வொரு பெட்டியாகத் திறந்து பார்த்தேன். ஓர் அடைகூட விழவில்லை. தோட்டக்காரம்மா, "அடுத்த வருஷமும் நீதான்" என்றாள். இவர் தள்ளி நின்று எதுவும் செய்யாதவர்போலக் கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருந்தார்.

அன்றைக்கு அத்தானும் அங்கே வந்திருந்தார். தோட்டத்தில் போர் போடும் வேலை அவருக்குக் கிடைத்திருந்தது. இரும்பு ராடுகளை ஏற்றி வந்து இறக்கினார். பூ பார்க்க ஆசைப்பட்டு அக்காவும் கூட வந்திருந்தாள். மத்தியானம் சாப்பிட்டுக் கிளம்பும்போது பார்த்தேன், அக்கா வண்டிக்கு மறைவாகப் போய் ஒரு துண்டை எடுத்து இடுப்பைச் சுற்றி இறுக்கிக் கட்டிக்கொண்டிருந்தாள். கையில் ஒரு தலையணை.

"என்னக்கா பண்ற?"

திடுக்கிட்டுத் திரும்பினாள். "ஒண்ணுமில்லடி."

"இடுப்புக்கு என்ன?"

முதலில் மழுப்பினாள். பிறகு வண்டியைக் காட்டினாள். "ஏறி வரும்போது பரவாயில்ல. ராடு பாரத்துல வண்டி அடங்கி வரும். இறக்கிட்டுத் திரும்பும்போதுதான் உயிர் போகுது. பின்னால பாரம் இல்லன்னா நான்தான் குதிக்கணும். ரெண்டு வாரமா நிமிர்ந்து படுக்க முடியல."

"அத்தான்கிட்டச் சொன்னியா?"

"சொன்னேன். வண்டி கம்பீரமா இருக்கு, வயசாயிடுச்சு உனக்குன்னார்." தலையணையைத் தட்டிச் சரிசெய்தாள். "உன் வீட்டுக்காரர் பூச்சிக்காகக் கடையில நாலு பேர் முன்னால நின்னாராமே. இவர் வந்து சொல்லிச் சொல்லிச் சிரிச்சார். எனக்குச் சிரிப்பு வரலடி. பொறாமையா இருந்துச்சு."

அக்காவுக்கு! என் மேல்! பிறந்ததில் இருந்து காத்திருந்த வார்த்தை. காதில் தேன் பாய்ந்தது என்பார்களே, அதுதான். இன்னொரு தடவை சொல்லச் சொல்லிக் கேட்கலாமா என்றுகூட நினைத்தேன். ஆனால் படியில் ஏறக் காலைத் தூக்கியவள் வலியில் பல்லைக் கடித்ததைப் பார்த்ததும் எனக்கு வந்த கோபத்தில் மற்றதெல்லாம் பறந்துவிட்டது.

"நீ இறங்கு. எங்க வண்டியில போய் உட்கார். நான் இதுல வரேன்."

அத்தான் வந்தார். "ஏன், என் வண்டிக்கு என்ன குறைச்சல்?"

"உட்கார்ந்து பார்த்துச் சொல்றேன் அத்தான். வண்டியை எடுங்க."

சொன்னேன். ஒவ்வொரு பள்ளத்துக்கும் சொன்னேன். பல்லோடு பல் மோத, தலை கண்ணாடியில் இடிக்க, ஒரு கையால் கைப்பிடியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு, மறுகையை ஆட்டி ஆட்டிச் சொன்னேன். ராடுக்கு இருக்கிற மரியாதை கட்டின பெண்டாட்டிக்கு இல்லையா என்று கேட்டேன். அத்தானுக்கு முதலில் சிரிப்பு, பிறகு எரிச்சல். கடைசியில் வேகத்தைக் குறைத்துப் பார்த்தார். அப்போதும் தூக்கித்தான் போட்டது.

"இவ்வளவு வலிக்கும்னு நினைக்கல" என்றார், சாலையைப் பார்த்தபடியே. மீசையை நீவக் கை போகவில்லை.

முன்னால் எங்கள் வண்டி போய்க்கொண்டிருந்தது. அதன் பின்கண்ணாடி வழியாக நன்றாகத் தெரிந்தது. என் இருக்கையில் அக்கா தலை சாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். இரண்டு வாரத் தூக்கம். அவள் விழித்துவிடக் கூடாது என்று என் வீட்டுக்காரர் ஒவ்வொரு கல்லையும் பார்த்துப் பார்த்து, இன்னும் நிதானமாக, சுமந்துகொண்டு போகிற மாதிரி ஓட்டினார். இவ்வளவு பதமாக என்னை ஒருநாளாவது கூட்டிப்போயிருக்கிறாரா?

என் வயிறு பற்றிக்கொண்டு எரிந்தது.

"அத்தான், ஹாரனை அடிங்க" என்றேன்.